நடுவர் எதைப் பார்த்து அழுதார்?

நாடே ஓட்டுப் போடும் டிவி பாட்டுப் போட்டி அது. தலைமை நடுவர் பத்மகாந்தன் யார் பாட்டுக்கு அழுகிறாரோ, அவருக்கு ஓட்டு குவியும். ஆனால் மாலையில் பாடுகிறவர்களுக்குக் காலையிலேயே கிளிசரின் போட்டு அழுதுவிட்டு அவர் கிளம்பிவிடுவார். எடிட்டர் செண்பகவல்லி அதை வேண்டிய இடத்தில் ஒட்டுவாள்.

இறுதிச் சுற்றன்று அழுது முடித்ததும் அவளை அதட்டினார்.

"என் அழுகை ஒட்டுவேலைன்னு ஊரே பேசுது. இன்னைக்கு என் சிஷ்யன் ஜெயிக்கணும். நான் அழுறதையும், எதைப் பார்த்து அழுறேன்கிறதையும் ஒரே ஷாட்டுல காட்டு. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

"நடுவுல வெட்டவே கூடாதா சார்?"

"கூடவே கூடாது."

அன்று மாலை சிஷ்யன் பாடி முடித்ததும் டிவியில் அந்த ஒரே ஷாட் வெட்டாமல் வந்தது. நடுவர் தேம்பித் தேம்பி அழுதார், எழுந்து நின்று கைதட்டினார். எதிரே மேடையில் ஆரோக்கியம் என்ற துப்புரவுப் பணியாளர் பெருக்கிக்கொண்டிருந்தார்.

பத்மகாந்தன் போனில் கத்தினார். "என்னடி பண்ணி வச்சிருக்கே?"

"காலையில நீங்க அழுதப்ப எதிர்ல அவர்தான் சார் இருந்தார்."

அவர் குரல் இறங்கியது. "சிஷ்யனுக்கு ஓட்டு வருதா?"

"தெரியல சார். பெருக்குறவருக்கு எந்த நம்பர்ல ஓட்டுப் போடணும்னுதான் எல்லாரும் கேக்குறாங்க."