மேற்பாறை நத்தையும் பசித்த நண்டும்

வெயிலி என்ற நத்தைக்குத் தன் வீடே பிடிக்கவில்லை.

கடலோரத்தில் நின்ற ஒரு பெரிய பாறையின் உச்சியில் அவள் குடியிருந்தாள். அங்கே அலை வராது. எப்போதாவது நாலு துளி தெறிக்கும், அவ்வளவுதான். பகலெல்லாம் பாறை தோசைக்கல்போலக் காயும். வெயில் ஏறியதும் நத்தைகள் எல்லாம் ஓட்டுக்குள் போய், மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு, பேசாமல் கிடக்கும்.

அதே பாறையின் அடியில், தண்ணீருக்குள், வெயிலியின் பெரியப்பா வீட்டார் இருந்தார்கள். ஒரு காலத்தில் எல்லாரும் ஒரே குடும்பம்தான். இப்போது பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. மேலே இருந்தவர்கள் வெளுத்து, சிறுத்து, அப்பளம்போல் மெல்லிய ஓட்டோடு இருந்தார்கள். கீழே இருந்தவர்களோ கன்னங்கரேல் என்று, கல்லுருண்டை மாதிரி!

“அவர்களுக்கு வந்த வாழ்வைப் பாரேன்!” என்று வெயிலி புலம்பினாள். “நாள் முழுக்கக் குளியல். வாயைத் திறந்தால் பாசி. நாம் மட்டும் இங்கே கருவாடாகக் கிடக்கிறோம்!”

வெயில் சுடும் உச்சிக்கு ஏறப் பயந்து, பாறையின் நடுவில் கிடுக்கி என்ற நண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு மூன்று நாளாகச் சரியான சாப்பாடு இல்லை. அடிப்பாறை நத்தைகளைக் கடித்துக் கடித்து அதன் கொடுக்குதான் மழுங்கியிருந்தது. வெயிலியின் புலம்பல் காதில் விழுந்ததும் அதற்கு வாயில் நுரை ஊறியது.

“அம்மா வெயிலி!” என்று தேன் ஒழுகக் கூப்பிட்டது. “உங்களைப் போன்றவர்கள் இந்த அடுப்பில் வேகலாமா? கீழே உங்கள் சொந்தக்காரர்கள் தினமும் உங்களை விசாரிக்கிறார்கள். ஒரு நடை வந்துதான் பாருங்களேன்!”

“நிஜமாகவா?”

“கொடுக்கின்மேல் ஆணை!”

வெயிலி உடனே கிளம்பிவிட்டாள். உடனே என்றால், நத்தையின் உடனே. கீழே போய்ச் சேருவதற்குள் கடல் இரண்டு தரம் ஏறி இரண்டு தரம் இறங்கிவிட்டது.

முதல் அலையிலேயே அவள் பல்டி அடித்தாள். அடுத்த அலை பாறையில் மோதியது. பாசி வழுக்கியது. மூச்சு வாங்க ஒரு இடுக்கில் ஒண்டியபோது, பெரியப்பா மகள் பாசிமணி அவளைப் பார்த்துவிட்டாள்.

“அடியே! நீ எங்கே இங்கே வந்தாய்?”

“நீங்கள் விசாரித்தீர்களாமே அக்கா! கிடுக்கியார்தான் சொன்னார்.”

“கிடுக்கியாரா! என் முதுகைப் பாரடி. இந்த வரியெல்லாம் அவர் கடித்த தழும்பு. மெல்லிய ஓடு உள்ளவர்களை அவருடைய பாட்டன் பூட்டன் காலத்திலேயே தின்று தீர்த்துவிட்டார்கள். தப்பிப் பிழைத்த தடி ஓட்டுக்காரர்களின் பிள்ளைகள்தான் நாங்கள். நீ ஒரே கடிக்குத் தாங்க மாட்டாய். ஓடு!”

நத்தை எங்கே ஓடுவது? பின்னாலிருந்து வந்த கொடுக்கு வெயிலியைக் கவ்விவிட்டது.

“வாருங்கள், வாருங்கள்!” என்றது கிடுக்கி. “விருந்துக்கு நேரமாகிவிட்டது!”

வெயிலியின் ஓடு லேசாக ‘கிறீச்’ என்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் தீர்ந்தது. பயத்தில் மூடியைச் சாத்தப் போனவளுக்கு, சாத்தும்போதே ஒரு யோசனை வந்தது.

“நண்டாரே, நான் ஒருத்தி உங்கள் கடைவாய்க்குக் காணுமா?” என்று கேட்டாள். “மேலே என் சொந்தம் நாற்பது பேர் இருக்கிறார்கள். எல்லாரும் என்னைப் போலவே மொறுமொறு!”

கிடுக்கியின் கண்கள் இரண்டும் காம்போடு நிமிர்ந்தன. “நாற்பதா?”

“நான் கூப்பிட்டால் வருவார்கள். ஆனால் நான் நடந்து போக இரண்டு நாள் ஆகும். நீங்களே தூக்கிப் போனால் காலைப் பலகாரத்துக்கு ஆகும்.”

அன்று பௌர்ணமிக்கு மறுநாள், விடியப்போகும் நேரம். கடல் நன்றாக ஏறியிருந்தது. கிடுக்கி அவளைக் கொடுக்கில் பிடித்தபடி விறுவிறுவென்று பாறையில் ஏறியது. தண்ணீர் முடிந்த இடத்தில் சற்றுத் தயங்கியது.

“இதோ வந்துவிட்டது!” என்றாள் வெயிலி. “அந்த இடுக்கு தெரிகிறதா? அதன் வாயில் என்னை வையுங்கள். உள்ளே போய் எல்லாரையும் எழுப்பி அனுப்புகிறேன்.”

நாற்பது என்ற எண் கிடுக்கியின் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அது அவளை இடுக்கின் வாயில் வைத்தது. வெயிலி ஒரே சறுக்கில் உள்ளே விழுந்தாள்.

“கதவைச் சாத்துங்கள்! நண்டு!” என்று கத்தினாள்.

டப், டப், டப் என்று நாற்பது மூடிகளும் விழுந்தன. கிடுக்கி கொடுக்கை உள்ளே விட்டுத் துழாவியது. எட்டவில்லை.

“பசித்தால் வெளியே வந்துதானே ஆகவேண்டும்! நான் காத்திருக்கிறேன்!” என்று கறுவியது.

காத்திருந்தது. கடல் மெல்ல இறங்கியது. சூரியன் ஏறியது. பாறை சுட ஆரம்பித்தது. கிடுக்கி ஒரு காலைத் தூக்கியது, பிறகு இன்னொன்றை. எட்டுக் காலையும் மாற்றி மாற்றித் தூக்கி அது ஆடிய ஆட்டத்தைப் பார்க்க யாரும் கண்ணைத் திறக்கவில்லை.

“இன்னும் எவ்வளவு நேரம் உள்ளேயே இருப்பீர்கள்?” என்று வறண்ட தொண்டையில் கேட்டது.

வெயிலி மூடியை மயிரிழை திறந்தாள். “போன கோடையில் பன்னிரண்டு நாள் இருந்தோம், நண்டாரே. இப்போது காலை எட்டு மணிதான். உச்சி வெயில் இனிமேல்தான் வரும். உங்கள் முதுகு ஏற்கெனவே சிவக்கிறதே!”

கிடுக்கி தன் முதுகைப் பார்க்கத் திரும்பி, முடியாமல் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடியது. தண்ணீர் எங்கோ கீழே போயிருந்தது. கால்கள் பின்னின. பாறையில் உருண்டு புரண்டு, பெரிய கொடுக்கு முறிந்து, தொப்பென்று கடலில் விழுந்தது. அடிப்பாறை நத்தைகளின் சிரிப்பு மேலே வரை கேட்டது.

வெயிலி தன் மெல்லிய ஓட்டுக்குள் சுகமாகச் சுருண்டு, வெயிலில் உறங்கிப்போனாள்.

தான் வாழும் இடம் தனக்குத் தந்த பலத்தை மறந்து அடுத்தவர் சுகத்துக்கு ஏங்குகிறவர்கள், இனிக்கப் பேசும் ஏமாற்றுக்காரர்களிடம் எளிதில் சிக்கிக்கொள்வார்கள்.