துணி முடிந்த மணல்மேடு

புன்னைத்துறை ஈசனின் துணிகளை வெளுத்துக் கொடுப்பதே சன்னாசியாரின் திருத்தொண்டு. சுவாமி உடுத்தியதைத் தலைமேல் வைத்துத்தான் கொண்டுபோவார். ஒருநாளும் இடுப்பில் இடுக்கமாட்டார். மாசி மகத்தன்று ஈசன் கடலாடப் புறப்படும்போது, பல்லக்கின் முன்னே வெள்ளைச் சேலைகளை மாற்றி மாற்றி விரித்தபடி அலை தொடும் இடம்வரை போவதும் அவர் உரிமை. அந்தத் துணி விரியாமல் சுவாமி ஓரடியும் நகரக்கூடாது என்பது ஊர் வழக்கம்.

ஆழிப்பேரலை வந்த அன்று காலை, "வெயில் நல்லாருக்கு, சாமி துணிய மணல்ல காயப்போட்டுட்டு வா" என்று மனைவி செம்பாயியை அனுப்பியவர் அவரேதான். துணியில் ஒன்று முள்வேலியில் கிடைத்தது. செம்பாயி கிடைக்கவே இல்லை.

அதன்பின் அவர் கடற்கரைப் பக்கம் போகவில்லை. அபிஷேகத் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டாலே மூச்சு முட்டும், தூணைக் கட்டிக்கொள்வார். குளத்தில் இறங்க முடியாமல், குடத்தில் மொண்டுவந்து கரையில் துவைத்தார். "தண்ணியக் கண்டு பயந்தா எப்படிய்யா வெளுப்பே?" என்று ஊர் சிரித்தது. ஐயோ, எப்படித்தான் மனம் வந்ததோ அவர்களுக்கு! ஆனாலும் அவர் தம் திருத்தொண்டை மட்டும் விடவில்லை.

சில ஆண்டுகள் நின்றிருந்த கடலாட்டு மறுபடி தொடங்கியது. கோயில் நிர்வாகி அப்பாசாமி முன்பே சொல்லிவிட்டார்: "இங்க பாரு சன்னாசி, அலை வரைக்கும் விரிக்கணும். முடியலேன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆளுக்குக் குடுத்துடுறேன்."

"விரிக்கிறேங்க. அவரு துணிய நான் யாருக்குங்க விட்டுக்குடுப்பேன்?"

தெருவெல்லாம் விரித்தார். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் அலைச்சத்தம் கேட்டது. மணல்மேட்டில் ஒரு சேலையை விரித்தவர், அதன் ஓரத்தைப் பிடித்தபடியே விழுந்தார்.

"சாமி, என்னால முடியல. அவள அனுப்புனவன் நான்தானே! என்னைய விட்டுட்டு நீங்க போங்க."

"அவன நகத்திட்டு நடங்கப்பா!" என்று நிர்வாகி அதட்டினார். பல்லக்குத் தூக்கிகள் காலெடுத்தார்கள், முடியவில்லை. தோள்கள் இற்றுவிடும்போல் கனத்தன. என்ன செய்தும் அந்தத் துணியின் விளிம்பைத் தாண்டிப் பல்லக்கு அசையவில்லை.

குருக்களுக்குக் கண் நிறைந்தது. "துணி முடிஞ்ச இடத்துல சுவாமி நின்னுட்டார். இதுக்கு மேல வரமாட்டார். கடல் ஜலத்தைக் குடத்துல கொண்டு வாங்கோ."

நிர்வாகியே குடத்தோடு அலைக்கு ஓடினார். தண்ணீர் விழும் சத்தம் அடியாரை வருத்தாதபடி, குருக்கள் அதைக் கையால் அள்ளி அள்ளித் தெளித்தே ஈசனை நீராட்டினார்.

அச்சம் சன்னாசியாரை விட்டுப் போகவில்லை. சாகும்வரை அவர் கடலைப் பார்க்கவும் இல்லை. ஆனாலும் இன்றுவரை புன்னைத்துறை ஈசன் அந்த மணல்மேட்டிலேயே நீராடுகிறார். அஞ்சி விழுந்தவருக்காக நடுவழியில் நின்ற பெருமானையும், விழுந்தும் துணியை விடாத சன்னாசியாரையும் கைகூப்பித் தொழுவோம்.