காதில் சொன்ன தீர்ப்பு

ஊர் பார்க்க ஒருத்தன்மேல் சேற்றை வாரிப் பூசினீரே, அவன் குற்றமற்றவன் என்று தெரிந்த பிறகும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீரே, உமக்குத்தான் ஐயா இந்தக் கதை. நழுவாமல் கேளும்.

முன்னொரு காலத்தில் கொன்றையூர்ச் சீமையைக் கொழுந்தப்ப ராசா ஆண்டுவந்தார். சிரித்தால் மாலை, முறைத்தால் விலங்கு, அப்படிப்பட்ட மனிதர். மாடு வாங்குவதென்றால் மட்டும் மாட்டுத் தரகன் ஒச்சப்பனைத்தான் கூப்பிடுவார். அரண்மனை மணியக்காரர் அம்பலவாணருக்கு அது வயிற்றெரிச்சல்.

ஒருநாள் ராசாவின் பட்டத்துக் காளையைக் காணோம். விசாரணைகூட இல்லை, அம்பலவாணர் தெருத்தெருவாகத் தமுக்கடித்துவிட்டார். "காளையைத் திருடியவன் ஒச்சப்பன்!"

ஒச்சப்பனைக் கட்டி இழுத்துவந்தார்கள். அதற்குள் காளை கரும்புக்காட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தானாகவே கொட்டடிக்குத் திரும்பியது. சேவல் சண்டையிலிருந்து கண்ணெடுக்காமல் ராசா முனகினார்: "வழக்குத் தள்ளுபடி. போடா."

விட்டது சனி என்று ஒச்சப்பன் சந்தைக்கு ஓடினான். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே பேரம் பேசுவார்கள். ஒச்சப்பன் துண்டை விரித்தான். ஒரு கையும் நீளவில்லை. மோர்க்காரிகூடப் பானையை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"என்னைத்தான் விட்டுட்டாங்களேப்பா!"

"விட்டாங்க, விட்டாங்க. யாரைப் பிடிச்சு வெளியே வந்தியோ!"

துண்டு காய்ந்தால் வயிறும் காயும். ஒச்சப்பனுக்கு ரத்தம் கொதித்தது. விடிந்ததும் நேரே சபைக்குள் நுழைந்து தொண்டை கிழியக் கத்தினான்: "ஐயையோ! மணியக்காரர் என் துண்டைத் திருடிட்டாரு!"

சபையே திரும்பியது. காவலர்கள் அம்பலவாணரின் அங்கவஸ்திரத்தை உதறினார்கள். வெற்றிலைப் பெட்டியைக்கூடக் கவிழ்த்தார்கள். ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒச்சப்பன் மெல்ல நடந்துபோய் அம்பலவாணர் காதில் கிசுகிசுத்தான்: "துண்டு என் இடுப்பிலதான் இருக்கு சாமி. உங்க மேல குத்தமில்ல."

சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டான்.

அம்பலவாணர் குதித்தார். "சபையே கேட்கக் கத்திவிட்டு, இப்போது காதில் வந்து முணுமுணுக்கிறாயா? கத்தின வாயாலேயே எல்லாருக்கும் கத்திச் சொல்லுடா!"

"மகாராசா, தீர்ப்பை மணியக்காரரே சொல்லிட்டாரு. திருடன்னு ஊருக்கே தமுக்கடிச்சாங்க. இல்லன்னு உங்க சேவலுக்கு மட்டுந்தானே தெரியும்?"

ராசாவின் சிரிப்பு நின்றது. முனகியது தானல்லவா? முகம் சிவந்து எழுந்தார்.

"அம்பலவாணரே, தமுக்கை எடும். எந்தெந்தத் தெருவில் அடித்தீரோ, அத்தனையிலும் அடியும். நானும் வருகிறேன்."

"நானா? என் கையாலா?"

"அன்றைக்கு யார் கையால் அடித்தீர்?"

உச்சி வெயிலில் அம்பலவாணர் தமுக்கடித்தார்: "ஒச்சப்பன் திருடனில்லை! தவறு எங்களுடையது!" சந்தைக்கு வந்ததும் ராசா ஒரு கறவை மாட்டைக் காட்டி, எல்லோரும் பார்க்க ஒச்சப்பனின் துண்டுக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் அலறினார்: "அடேய், அநியாய விலை!"

"மெதுவா மகாராசா! அப்புறம் அதுக்கும் ஒரு தமுக்கு அடிக்க வேண்டியிருக்கும்."

சந்தையே வெடித்துச் சிரித்தது. ஒச்சப்பன் கேட்ட விலைக்கே ராசா மாட்டை வாங்கினார். அவர் கையை எடுத்ததும் அந்தத் துண்டுக்குள் அத்தனை கைகள் முண்டின.

கேட்டீரா ஐயா? ராசாவே வெயிலில் நடந்தார். உமக்கு என்ன வந்தது? எந்தத் தெருவில் கத்தினீரோ அந்தத் தெருவுக்கு வாரும். அதே குரலில் சொல்லும். எழுந்திரும், இன்றைக்கே!