முன்னால் நிற்கும் பாட்டு

முதலில் ஒரு விடுகதை. நூலில் எல்லாருக்கும் முன்னால் நிற்பான், கதைக்குள் வரமாட்டான். உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து வந்தால் முதல் அடி அவனுக்கு. அவன் யார்? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

அந்தக் காலத்தில் கறையானுக்குப் பேச்சு உண்டு. பொல்லாத குணம் ஒன்றும் உண்டு. அது தின்ற ஓலையில் எழுதியிருந்தது மனிதர் நினைவிலிருந்தும் போய்விடும்.

மலையடிவாரத்து முருகன் கோயிலில் ஏகாம்பரம் என்ற ஓதுவார் தினமும் பாடுவார். பாடல்கள் எல்லாம் ஒரே சுவடியில் இருந்தன. மழைக்காலம்தோறும் கறையான் மேல் ஓலையைத் தின்றது. ஒரு பாட்டு குறைந்தது. மேலே வெற்றோலை ஒன்றை வைக்கலாமே என்றார்கள் ஊரார். சாமி பாட்டின் தலையில் ஊமை ஓலையை ஏற்றமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார்.

அந்த ஆண்டு மேல் ஓலையில் இருந்தது முருகனுக்கான தாலாட்டு. அதைப் பாடித்தான் இரவில் நடை சாத்துவார்கள். மேகம் கறுத்தது. ஓதுவாரின் மகள் செங்கமலம் புற்றருகே போய் உட்கார்ந்து, வெற்றோலை வைத்தால் தின்பீர்களா என்று கறையானைக் கேட்டாள்.

"எழுத்தாணி கீறாத ஓலை பல்லுக்கு வழுக்கும், தாயி. வெற்றோலை உன் அப்பாவுக்கும் ஆகாது, எங்களுக்கும் ஆகாது. இதில் மட்டும் நாங்கள் ஒரே கட்சி. எழுதிய ஓலை ஒன்றை மேலே வை. உள்ளே வரமாட்டோம்."

"யார் எழுதினாலும் சரியா?"

"எங்களுக்குப் படிக்கவா தெரியும்?"

புதிதாக எழுதப் பதப்படுத்திய ஓலை இல்லை. சுவடியைத் தவிர, எழுதிய ஓலை வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. அதில் இருந்தது செங்கமலம் முதன்முதலாகக் கட்டிய பாட்டு. தொலைந்துபோன ஆட்டுக்குட்டியைத் தேடித் தரும்படி பிள்ளையாரிடம் கேட்கும் பாட்டு. தைப்பூசத்தன்று சன்னிதியில் அதைப் பாட அப்பா சம்மதித்திருந்தார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

விஷயத்தைச் சொன்னபோது ஓதுவார் சுவடியை எடுத்து அவள் முன் வைத்தார்.

"உனக்கே மறந்துபோகும், அம்மா. வை என்றும் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன்."

விடுகதைக்கு விடை: காப்பு. பக்தி நூல்களின் தொடக்கத்தில், கதைக்கு வெளியே நின்று, பிள்ளையாரைத் துணைக்கு அழைக்கிறதே, அந்தப் பாட்டு. அதற்கு அந்தப் பெயரும், காவல் நிற்கும் வேலையும் வந்தது அன்று முதல்தான்.

மழை விழுமுன் செங்கமலம் தன் ஓலையைச் சுவடியின் மேல் வைத்துக் கட்டினாள்.