கண்ணாடி மண்டபத்துக்குக் குடை பிடித்த கதை

செம்பாறைச் சீமையை ஆண்ட கோதண்டவர்மருக்குக் கண்ணாடி என்றால் உயிர். கேட்க வேண்டுமா? மந்திரி வீரபாகு மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்து ஒரு சபா மண்டபமே கட்டிக் கொடுத்துவிட்டார். பார்க்க அழகுதான். பிற்பகலில் உள்ளே நுழைந்தால் அப்பளம் பொரிக்கலாம்! விசிறி வீச நாற்பது பேர். வீசி வீசி அவர்களே மயங்கி விழுந்தார்கள்.

"ஏரித் தண்ணீரைக் கூரைமேல் ஏற்றி ஊற்றுவோம் பிரபு, குளுகுளுவென்று ஆகிவிடும்," என்றார் மந்திரி.

சபையில் இருந்த விகடகவி நல்லாண்டி துள்ளி எழுந்தான். அந்த ஏரியை நம்பித்தான் அவன் ஊரே நாற்று நட்டிருந்தது.

"மன்னா, பயிரெல்லாம் கருகிப்போகும்!"

"வாய்ச்சவடால் வேண்டாம் நல்லாண்டி. சொட்டுத் தண்ணீர் இல்லாமல், ஒரு கண்ணாடிகூட உடையாமல், நாளை மண்டபத்தைக் குளிர வை. முடியாவிட்டால் ஏரி மதகு திறக்கும். நீயும் நாட்டைவிட்டுக் கிளம்பு," என்றார் மன்னர்.

மறுநாள் பிற்பகல் மன்னர் அரியணையில் அமர்ந்ததும் நல்லாண்டி கை தட்டினான். வாசலில் நின்ற குடைக்காரன் உள்ளே வந்து வெண்குடையை மன்னர் தலைக்கு மேல் விரித்தான். சபை கொல்லென்று சிரித்தது.

"கூரைக்குக் கீழே குடையா? என்ன கிண்டலா?" மன்னருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மன்னர்மேல் வெயில் பட்டால் குடை பிடிக்க வேண்டும், பிடிக்காதவனுக்குக் கசையடி. தங்கள் பாட்டனார் காலத்து வழக்கம் பிரபு. தங்கள் மடியைப் பாருங்கள்."

மன்னர் குனிந்து பார்த்தார். மடி நிறைய வெயில்.

"சூரியனைக் கண்ணாடி வழியாக உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, நாற்பது பேரை விட்டு விசிறுகிறோம்!" என்றான் நல்லாண்டி.

"அதற்கென்ன, உள்ளே பட்டுத் திரை தொங்கவிட்டால் போச்சு!" என்று எகிறினார் மந்திரி.

"உள்ளே வந்த விருந்தாளி முகத்தை மூடினால் வெளியே போய்விடுவாரா, மந்திரியாரே? வாசலிலேயே நிறுத்த வேண்டாமா? மனிதருக்குப் பிடிக்கிற குடையைக் கட்டடத்துக்குப் பிடித்தால் ஆயிற்று."

நல்லாண்டி சைகை காட்டினான். வெளியே காத்திருந்த ஊர்க்காரர்கள் கண்ணாடிச் சுவர் நெடுகத் தென்னங்கீற்றுத் தட்டிகளைத் தூக்கிச் சாய்த்துக் கட்டினார்கள். மேலே அடைத்துக் கிடந்த சாளரங்களையும் திறந்துவிட்டார்கள். அனல் மேலே ஏறி வெளியே போக, கொஞ்ச நேரத்தில் காற்று சிலுசிலுவென்று வந்தது. விசிறிக்காரர்கள் கையை இறக்கினார்கள். மன்னர் அதைக் கவனிக்கவே இல்லை.

"பலே! ஏரி பிழைத்தது!" என்று சிரித்தார் மன்னர். "அதுசரி, மண்டபம் குளிர்ந்தும் மந்திரிக்கு மட்டும் ஏன் இப்படி வியர்க்கிறது?"

"அது கட்டிக் கொடுத்தவர் வியர்வை மன்னா. அதற்குக் கீற்று போதாது!"

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். வெண்குடை நல்லாண்டி வீட்டுக்குப் பரிசாகப் போனது. நாற்பது விசிறிகளும் மந்திரி வீட்டுக்கு!