மட்டிமலையில் ட்யூனிங்

மட்டிமலை உச்சியில் ஒரு தொலைநோக்கி இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள கோமதிநாயகம், பொன்னுரங்கம், அருளப்பன் என்று மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் பட்டம் கொடுத்திருந்தார்கள். புத்தி கொடுக்கவில்லை, இவர்கள் கேட்டதாகவும் தகவல் இல்லை.

வானத்திலிருந்து வரும் மில்லிமீட்டர் அலைகளைப் பிடிப்பது அந்தத் தொலைநோக்கியின் வேலை. பிடிக்கிற கண்கள், கடுகைவிடச் சிறியவை, ஆயிரக்கணக்கில் ஒரு குளிர்ப்பெட்டிக்குள் இருந்தன. கடுங்குளிரில் அவற்றில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். தடை போயும் போகாமலும் இருக்கும் அந்த நூலிழை இடத்தில் ஒவ்வொரு கண்ணையும் நிறுத்தினால்தான் அது பார்க்கும். இதற்கு ட்யூனிங் என்று பெயர்.

தலைமை விஞ்ஞானி தில்லைநாயகி இதற்காகவே தன் வயதில் பாதியைக் கொடுத்தவர். மறுநாள் காலை மேலிடத்துக் குழு வருகிறது. அவர்கள் எதிரில் வியாழன் கிரகம் திரையில் தெரிந்தால் தொலைநோக்கி பிழைக்கும். இல்லையென்றால் இழுத்து மூடிவிட்டு, மலையை ஓட்டல் கட்டக் கொடுத்துவிடுவார்கள். குழுவை அழைத்துவரக் கிளம்பும் முன் அவர் மூவரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

“ரெண்டே விஷயம். மேல ஆவி இருந்தா நமக்கு ஒண்ணும் தெரியாது. எவ்வளவு இருக்குன்னு பாத்துக்கிட்டே இருங்க. அப்புறம், கண்ணையெல்லாம் கரெக்டா விளிம்புல கொண்டுபோய் நிறுத்துங்க. அந்தப் பக்கமும் விழக்கூடாது, இந்தப் பக்கமும் விழக்கூடாது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதும்மா!” என்றார்கள் மூவரும். இந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர்கள் பிசகில்லாமல் சொல்வார்கள்.

ஜீப் வளைவைத் தாண்டியதும் ஆலோசனை தொடங்கியது.

“இங்க ஆவி இருக்குன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்,” என்றார் பொன்னுரங்கம்.

“ஆம்பளை ஆவியா, பொம்பளை ஆவியா?” என்று கேட்டார் அருளப்பன்.

“அதை அம்மா கேக்கலையே. எவ்வளவுன்னுதான் கேட்டாங்க. எண்ணினாப் போதும்,” என்றார் கோமதிநாயகம். அவர்தான் சீனியர்.

தில்லைநாயகி சொன்னது காற்றில் இருக்கும் நீராவியை. அதை அளக்கும் கருவி எதிர்ச் சுவரிலேயே இருந்தது. கோமதிநாயகம் அதன்மேல்தான் தினமும் தன் ஈரத் துண்டைக் காயப்போடுவார்.

மூவரும் கூரைமேல் ஏறிப் பார்த்தார்கள். ஒன்றும் கண்ணில் படவில்லை. கண்ணில் படாமல் இருப்பதுதான் ஆவியின் லட்சணம் என்பதால், ஏகப்பட்டது இருப்பதாக முடிவுகட்டினார்கள். தொலைநோக்கியைச் சுற்றி வேப்பிலை கட்டி, சாம்பிராணி போட்டார்கள். அலைகளை வாங்கும் அதன் பளபளத் தட்டு தோசைக்கல் நிறத்துக்கு வந்தது.

அடுத்து விளிம்பு.

“மேஜை விளிம்பா இருக்குமோ?” என்றார் அருளப்பன்.

“மேஜையிலேர்ந்து விழுந்தா என்னய்யா ஆகும்? அம்மா அவ்வளவு பயந்து சொன்னாங்கன்னா அது மலை விளிம்புதான்,” என்றார் கோமதிநாயகம்.

குளிர்ப்பெட்டியின் குழாய்களைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றினார்கள். உள்ளேயிருந்த குளிரெல்லாம் வெள்ளைப் புகையாகப் புஸ்ஸென்று வெளியேறியது.

“ஒண்ணு போயிடுச்சு!” என்று கத்தினார் பொன்னுரங்கம். “எண்ணிக்குங்க!”

பெட்டியை உருட்டிக்கொண்டுபோய், பாதி பாறைமேலும் பாதி பள்ளத்தாக்கின் மேலுமாக நிறுத்தி, கயிறு கட்டி, மூவரும் நுனியைப் பிடித்துக்கொண்டார்கள். பொழுது விடிந்தபோதும் பிடித்தபடியே நின்றார்கள். வேறு எந்த வேலையிலும் அவர்கள் இந்த அக்கறையைக் காட்டியதில்லை.

காலையில் குழுவோடு வந்து இறங்கிய தில்லைநாயகி கத்த வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். கத்தினால் பயந்து விட்டுவிடுவார்களே! தன் பாதி ஆயுள் காற்றில் ஆடுவதைப் பார்த்தபடி, கண்ணில் நீர் முட்ட, இரண்டு கைகளையும் கூப்பினார்.

“உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். மெதுவா இந்தப் பக்கம் இழுங்கப்பா.”

மூவரும் பதறிப்போனார்கள். மேலதிகாரி, அதுவும் இவ்வளவு படித்தவர், தங்களைக் கும்பிடுகிறார். பதிலுக்குக் கும்பிடாமல் நிற்க அவர்கள் என்ன மரியாதை தெரியாதவர்களா? மூவரும் கைகளைக் கூப்பி, “வணக்கம்மா!” என்றார்கள்.

கயிறு சரசரவென்று ஓடி மறைந்தது. தில்லைநாயகி அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாளை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

குழுத் தலைவரோ எல்லாரும் கும்பிடுவதைப் பார்த்துத் தானும் கும்பிட்டார். பள்ளத்தாக்கிலிருந்து டமார் என்று சத்தம் வந்ததும் கைதட்டினார்.

“வெடியெல்லாம் போட்டு வரவேற்பு பிரமாதம்,” என்றார். “ஆனா ஏதோ வியாழன் காட்டறதாச் சொன்னீங்களே? இன்னைக்குச் செவ்வாய்தானே ஆகுது. பரவாயில்லை, ரெண்டு நாள் தங்கிப் பாத்துட்டே போறோம். ரூம் எங்க?”