பெள்ளி கட்டிய பூச்சி

ஆல்துரை முதன்முதலாக ரோசலின் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. ரோசலினுக்கு நாற்பத்தைந்து இருக்கும். மலைப்பாதையில் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், தன்னைவிட இளையவளிடம் பாடம் கேட்க வந்து நின்றார்.

நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்கிறவர்கள் எல்லோரும் ரோசலினை அறிவார்கள். தூண்டில் முள்ளின் மேல் இறகும் ரோமமும் நூலும் வைத்துக் கட்டி, தண்ணீரில் வந்து இறங்கிய பூச்சி போலவே செய்துவிடுவாள். மீன் ஏமாந்து துள்ளிக் கவ்வும். அந்தப் பொய்ப்பூச்சிகளைக் கட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவளை டீச்சர் என்று அழைத்தார்கள். ஆல்துரையும் அப்படியே அழைத்தார்.

"என்ன கத்துக்கணும் அண்ணா?" என்று கேட்டாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். பஞ்சின் மேல் ஒரே ஒரு பொய்ப்பூச்சி இருந்தது. பழுப்பு ரோமத்தில் தடித்த உடம்பு, சேவல் கழுத்து இறகு, குட்டையான வால்.

"என் தம்பி பெள்ளி கட்டினது. அவன் போய் மூணு வருஷம் ஆச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். இதே மாதிரி ஒண்ணு நான் கட்டணும்."

"வேற எதுவும் வேண்டாமா?"

"வேண்டாம் டீச்சர். இது போதும்."

ரோசலின் அதை விரல்நுனியில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டப்பாவில் திரும்ப வைத்தாள்.

"நாளைக்கு வாங்க," என்றாள்.

மறுநாளிலிருந்து பாடம் நடந்தது. மேசை ஓரத்தில் திருகிய வைஸ் என்ற சின்ன இடுக்கியில் முள்ளைப் பிடிக்க வைப்பது, நூலைத் தளர விடாமல் சுற்றுவது, முயல் ரோமத்தை விரலில் உருட்டி நூலோடு முறுக்குவது. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். நூல் அறுந்தது, இறகு பறந்தது, முள் குத்தியது. ஆல்துரை விடவில்லை.

கை வேலை செய்யும்போது மனசு ஓடைக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தம்பியும் முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிடுவார்கள். சோலையைத் தாண்டி இறங்கினால் பனி மூடிய தண்ணீர். கால் வைத்தால் எலும்பு வரைக்கும் குளிரும். ஆல்துரைக்குத் தூண்டில் வீச வரும். பூச்சி கட்ட வராது. பெள்ளிக்குக் கட்டத்தான் பிடிக்கும். அண்ணன் மீனை இழுத்துக் கரையில் போட்டதும், "நான் கட்டினதைத்தான் கடிச்சுது, உன்னையா கடிச்சுது?" என்று சிரிப்பான். பாறை இடுக்கிலும் மரக்கிளையிலும் சிக்கி எத்தனையோ பூச்சிகள் அறுந்து போயின. "போகட்டும்ணா, வேற கட்டறேன்" என்பான். வேறு கட்ட ஆள் இருந்த காலம் அது.

மழைக்காலம் நெருங்கும்போது ஆல்துரை நன்றாகவே கட்டத் தொடங்கியிருந்தார். ஆனாலும் முகத்தில் சந்தோஷம் இல்லை. தன் பூச்சியையும் தம்பியின் பூச்சியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரோமம் அதேதான். இறகு அதேதான். ஆனா இது அவனோடது இல்ல டீச்சர். பாருங்க, வால் இந்தப் பக்கமா சாயுது. அவனோடது அந்தப் பக்கம். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் வரமாட்டேங்குது. உள்ள என்னவோ பண்ணியிருக்கான்."

"ஆமா. உள்ளதான் இருக்கு."

"எப்படிப் பார்க்கறது?"

ரோசலின் மேசை மேல் இருந்த பிளேடை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

ஆல்துரை டப்பாவைச் சட்டென்று மூடினார்.

"நல்ல யோசனை சொன்னீங்க. அவன் கைபட்டதுன்னு என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். அதையும் அறுத்துப் போடச் சொல்றீங்க."

"நான் சொல்லல அண்ணா. எப்படிப் பார்க்கறதுன்னு கேட்டீங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு வரவேயில்லை. மழை பிடித்தது. ரோசலினும் ஆள் அனுப்பவில்லை.

மழை ஓய்ந்து, ஓடைகள் தெளிந்த பிறகு ஒரு காலையில் ஆல்துரை வந்தார். முகம் இளைத்திருந்தது.

"தினமும் டப்பாவைத் திறந்து பார்க்கறேன்," என்றார். "முன்ன எல்லாம் அதைப் பார்த்தா பெள்ளி ஞாபகம் வரும். இப்ப அந்தப் பூச்சிதான் தெரியுது. அவன் வரமாட்டேங்கறான்."

ரோசலின் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவரே பூச்சியை வைஸில் பொருத்தினார். பிளேடை எடுத்தார். தலைப்பக்கத்து முடிச்சைக் கீறினார். நூலின் நுனி எழுந்து நின்றது. அதைப் பிடித்து, தான் கட்டுகிற சுற்றுக்கு எதிராகச் சுற்றிப் பிரிக்கப் பார்த்தார்.

நூல் பிரியவில்லை. இன்னும் இறுகியது.

மறுபடி சுற்றினார். மறுபடி இறுகியது.

"அந்தப் பக்கமா சுத்துங்க அண்ணா," என்றாள் ரோசலின்.

மாற்றிச் சுற்றினார். நூல் லேசாகக் கழன்று வந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அவர் கை நின்றது.

"தலைகீழா கட்டியிருக்கான்."

ஆல்துரை தன் இடது கையைக் காற்றில் சுற்றிப் பார்த்தார்; அது தானாக அந்தப் பக்கமே சுற்றியது.

"பீச்சாங்கையால கட்டியிருக்கான்!"

சின்ன வயதில் பெள்ளிக்கு இடது கைதான் முன்னால் வரும். சோற்றுத் தட்டில் அந்தக் கை போனால் அப்பா அடிப்பார். பலப்பத்தை அந்தக் கையில் பிடித்தாலும் அடிதான். ஒரு கட்டத்தில் பழக்கம் விட்டுப்போனது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். பெள்ளி வலது கையால் சாப்பிட்டான், வலது கையால் எழுதினான், கல்யாணத்தில் வலது கையால் தாலி கட்டினான். அடித்த விஷயமே ஆல்துரைக்கு மறந்துபோயிருந்தது.

ஆனால் ஓடைக்கரையில் பூச்சி கட்டும்போது மட்டும் பெள்ளி பாறையில் இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவான். காற்றுக்கு மறைவாக என்று இவர் நினைத்திருந்தார். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும்.

ஆல்துரையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. "திருட்டுப் பய," என்றார். நூலைப் பிரித்துக்கொண்டே போனார். தம்பியின் விரல்கள் சுற்றிய ஒவ்வொரு சுற்றையும் அவர் விரல்கள் திரும்பிப் போய்க் கடந்தன. இறகு உதிர்ந்தது. ரோமம் பிரிந்து மேசையில் விழுந்தது. கடைசியில் வைஸில் துரு ஏறிய வெறும் முள் மட்டும் நின்றது.

அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"அன்னைக்கு ஜன்னல்ல பார்த்தப்பவே தெரியும்."

"சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா காதால கேட்டுட்டுப் போயிருப்பீங்க."

ஆல்துரை தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலில் புது உற்சாகம் வந்திருந்தது. இத்தனை நாள் நூல் சுற்றிப் பழகிய வலது கையை மடியில் வைத்துவிட்டு, இடது கையால் நூல்கண்டை எடுத்தார்.

"இனிமே நானும் இந்தக் கையாலயே கட்டிப் பழகறேன் டீச்சர். எத்தனை நாள் ஆனாலும் சரி. அவன் கட்டின மாதிரியே வந்துடும் இல்ல?"

ரோசலின் அவர் இடது கையிலிருந்து நூல்கண்டை மெல்ல வாங்கி, மடியில் இருந்த வலது கையில் வைத்தாள்.

"உங்க தம்பி அவர் கையால கட்டினாரு, அண்ணா."